இணையரைத் திருத்துதல்: சிறைக்காவலர் வழியும் தோழர் வழியும்

(அந்தமான் தீவுகளின் மின்னி பே பகுதியில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தினரும் பங்கேற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



காதலர்களும் கணவன் மனைவியரும் ஒருவரையொருவர் திருத்த முயல வேண்டுமா என்பது இன்றைய கூட்டத்திற்கான கேள்வி. கட்சிக் கூட்டத்தில் பேச வேண்டிய பொருளா இது என்ற எண்ணம் சிலருக்கு எழலாம். ஆனால், இயக்கத்தில் சில ஆண்டுகளேனும் பணியாற்றிய எவருக்கும் இரண்டு குறைபாட்டுப் பேச்சுகள் பழக்கமானவை. "வீட்டில் அவருக்கு அரசியல் ஆர்வமே கிடையாது, எத்தனை முறை சொன்னாலும் புரிந்துகொள்வதில்லை" என்பது ஆண் தோழர்கள் கிளைக் கூட்டத்தில் சொல்வது. "ஊருக்கெல்லாம் சமத்துவம் பேசுகிறார், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை" என்பது, கூட்டம் முடிந்தபின் பெண்கள் தமக்குள் சொல்லிக்கொள்வது. முதல் பேச்சு கிளையின் அறிக்கையில் இடம்பெறுகிறது. இரண்டாவது எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

இரண்டுமே மற்றவர் மாற வேண்டும் என்ற கோரிக்கைகள்தாம். எனவே கேள்வி ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதற்கு நடைமுறையில் இரண்டு விடைகள் உலவுகின்றன. ஒன்று, "கல்லானாலும் கணவன்" என்ற பழைய விடை. இருப்பதை இருப்பதாகவே ஏற்றுக்கொள் என்பது அதன் பொருள். அதன் இன்றைய வடிவம், "என்னை இப்படியே ஏற்றுக்கொள்வதுதான் உண்மையான காதல்" என்பது. மற்றொன்று, வாழ்க்கைத் துணையை வளைத்து நிமிர்த்தித் தன் விருப்பத்திற்கேற்ப வார்த்தெடுப்பது தன் உரிமை என்ற விடை. முதலாவது மாற்றத்தையே மறுக்கிறது. இரண்டாவது, மாற்றத்தை ஒருவரின் அதிகாரமாக்குகிறது. மனிதர்கள் மாறக் கூடியவர்கள் என்று நம்பும் இயக்கம் முதல் விடையை ஏற்க முடியாது. அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கும் இயக்கம் இரண்டாவதையும் ஏற்க முடியாது.

வேறு வழி உண்டா? மனிதர்களைத் திருத்துவது என்ற சொல்லுக்கு இந்தத் தீவுகளைப் போல நீண்ட வரலாறு கொண்ட இடம் இந்தியாவில் அரிது. அந்த வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

திருமணத்தால் திருத்தும் திட்டம்

1857 எழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், 1858 மார்ச்சில், டாக்டர் வாக்கர் என்ற அதிகாரியின் பொறுப்பில் 200 கைதிகள் இத்துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். தண்டனைக் குடியிருப்பு அவ்வாறு தொடங்கியது. காடு வெட்டவும் சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும் கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. பின்னர், நன்னடத்தை காட்டிய கைதிகளுக்கு நிலமும் வீடும் கொடுத்து, தம் உழைப்பில் தாமே பிழைத்துக்கொள்ளும் கைதிகளாக அவர்களைக் குடியமர்த்தும் முறை வந்தது. அந்தக் குடியமர்த்தலின் ஒரு பகுதியாகவே திருமணமும் அனுமதிக்கப்பட்டது.

பெரும்பாலும் ஆண்களே இருந்த குடியிருப்பில், இந்தியச் சிறைகளிலிருந்து பெண் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். சவுத் பாயிண்டில் அவர்களுக்கெனத் தனிச் சிறை இருந்தது. குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்த பெண், திருமணத்திற்குத் தகுதி பெற்றவராகக் கருதப்பட்டார். தகுதி பெற்ற ஆண் கைதிகள் வந்து, வரிசையில் நிறுத்தப்பட்ட பெண்களிலிருந்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். பெண் சம்மதிக்க வேண்டும். அதிகாரி அனுமதிக்க வேண்டும். மறுத்தால் அந்தப் பெண் திரும்பிப் போகும் இடம் சிறைதான். அத்தகைய நிலையில் தரப்படும் சம்மதத்தின் எடை என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

இதன் பின்னிருந்த கணக்கு தெளிவானது. குடும்பம் வந்துவிட்டால் ஆண் அடங்குவான், தப்பியோட நினைக்க மாட்டான், நிலத்தில் உழைப்பான். கணவன் வந்துவிட்டால் பெண் 'ஒழுக்கமுள்ளவள்' ஆவாள். இருவரும் ஒருவருக்கொருவர் காவலர்களாக இருப்பார்கள். அரசுக்குக் காவல் செலவு குறையும். அதாவது, திருமணமே சிறையின் நீட்சியாகத் திட்டமிடப்பட்டது. யார் திருந்தினார், யார் திருந்தவில்லை என்பதை அளக்கும் அளவுகோல் சிறை அதிகாரியின் கையில் இருந்தது.

அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்று இத்தீவுகளில் 'லோக்கல் பார்ன்' என்று அறியப்படும் சமூகத்தினர். வெவ்வேறு சாதியிலும் மொழியிலும் பிறந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, தாய்நாட்டில் கடக்க முடியாதிருந்த சாதிச் சுவர்களைத் தளர்த்தினார்கள். அது சிறை நிர்வாகத்தின் நோக்கமன்று. அந்த மாற்றம் அம்மக்கள் தமக்குத் தாமே உருவாக்கிக்கொண்டது. மேலிருந்து விதிக்கப்பட்ட திருத்தம் ஒன்று. சேர்ந்து வாழ்ந்ததில் விளைந்த மாற்றம் வேறொன்று. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

கால்கட்டு என்னும் தண்டனை

இது ஆங்கிலேயர் காலத்துக் கொடுமை, நமக்கு அதில் தொடர்பில்லை என்று ஒதுங்கிவிட முடியாது. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக் கூடிய சொல் ஒன்று உண்டு: "ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் பையன் திருந்திவிடுவான்." குடிக்கிற மகன், வேலைக்குப் போகாத மகன், ஊர் சுற்றுகிற மகன் ஆகியோருக்குப் பெற்றோர் கண்டுபிடிக்கும் மருந்து ஒரு பெண். பெற்றோரால் இருபத்தைந்து ஆண்டுகளில் செய்ய முடியாததை, அந்த வீட்டுக்கு வந்து சேரும் இருபது வயதுப் பெண் செய்ய வேண்டும். அவன் திருந்தினால் 'வந்த நேரம் நல்ல நேரம்'. திருந்தாவிட்டால் 'கட்டிக்கொண்டவளுக்குச் சாமர்த்தியம் போதாது'. சிறை அதிகாரியின் கணக்கும் இதுவும் ஒன்றே. கால்கட்டு என்ற சொல்லில் விலங்கு வெளிப்படையாகவே இருக்கிறது; அந்த விலங்காக ஆக்கப்படுவது ஓர் உயிருள்ள மனுஷி என்பதுதான் மறைக்கப்படுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. கணவன், மனைவியைத் திருத்துவது. உடுத்தும் முறை, பேசும் முறை, யாரோடு பேசுவது, கைப்பேசியில் யார் அழைத்தார்கள் என்பது வரை அந்தத் திருத்தம் நீள்கிறது. வேலைக்காகக் கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்த ஆண்களில் பலருடைய குடும்பம் ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத் தொலைவு. அந்தத் தொலைவிலிருந்து ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் நடைபெறும் விசாரணைக்கு 'அக்கறை' என்று பெயர். பணம் அனுப்புபவர் கேள்வி கேட்கிறார்; பணம் பெறுபவர் விடை சொல்கிறார். அனுப்புபவர் அன்று எங்கே இருந்தார், எவ்வளவு செலவழித்தார் என்று திருப்பிக் கேட்கும் உரிமை மறுமுனையில் இருப்பவருக்கு இல்லையென்றால், அதை அக்கறை என்று அழைக்க முடியாது.

நல்ல நோக்கம் போதுமா?

நோக்கம் உயர்ந்ததாக இருந்தால் வற்புறுத்தல் சரியாகிவிடுமா? இதற்கு விடை காண, காந்தி தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி உதவும். இடம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், ஆண்டு 1898. அவருடைய அலுவலக எழுத்தர்கள் சிலர் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் இருந்த சிறுநீர்க் கலங்களை அப்புறப்படுத்தும் வேலையைக் காந்தியும் கஸ்தூர்பாவும் செய்தார்கள். எழுத்தர்களில் ஒருவர் பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கலத்தைத் தூக்கக் கஸ்தூர்பா மனம் ஒப்பவில்லை; எனினும், கண்ணீருடன் தூக்கினார். அவர் மகிழ்ச்சியோடு செய்யவில்லை என்பதே கணவரின் கோபத்திற்குக் காரணமாயிற்று. வார்த்தை தடித்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, வாசற்கதவைத் திறந்து வெளியே தள்ள முற்பட்டார். பெற்றோரும் உறவினரும் இல்லாத அந்நிய நாட்டில் தாம் எங்கே போவது, வெட்கமில்லையா என்று கஸ்தூர்பா கேட்ட பிறகே அவர் தலைகுனிந்து கதவைச் சாத்தினார்.

தீண்டாமை தவறு. அதை விட வேண்டும் என்று மனைவியிடம் சொன்னதும் சரியே. ஆனால் அந்த வாசலில் மோதிக்கொண்டவை தீண்டாமையும் அதன் மறுப்பும் மட்டுமல்ல. வெளியே தள்ளக் கூடியவரும், தள்ளப்பட்டால் போக்கிடம் இல்லாதவரும் அங்கே எதிரெதிரே நின்றார்கள். சாதி என்ற ஒரு படிநிலையை உடைக்க, ஆண் என்ற மற்றொரு படிநிலை பயன்படுத்தப்பட்டது. கையைப் பிடித்து இழுத்த அந்த நொடியில் சீர்திருத்தக்காரர் மறைந்து சிறைக்காவலர் தோன்றிவிட்டார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1913இல், கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்படத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இந்தியப் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மற்றப் பெண்களிடம் பேசிய காந்தி, கஸ்தூர்பாவை நேரடியாக அழைக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்ட கஸ்தூர்பா, தம்மை ஏன் விட்டுவிட வேண்டும் என்று தாமே கேட்டுப் போராட்டத்தில் சேர்ந்து, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அதே போராட்டத்தில் சிறை சென்ற தமிழ்ப் பெண்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தார். 1898இல் இழுத்தும் கிடைக்காத ஒன்று, 1913இல் அழைக்காமலே வந்தது. இடையில் நிகழ்ந்த மாற்றம் கஸ்தூர்பாவிடம் மட்டும் நிகழ்ந்ததன்று. கட்டளையிடாமல் விட்டுவிடக் கணவரும் கற்றிருந்தார்.

செல்லுலார் சிறையில் நடந்த மற்றொரு திருத்தம்

சிறைக்காவலர் வழிக்கு மாற்றாகத் தோழர் வழி ஒன்று இருந்ததற்கும் இதே ஊர் சாட்சி. செல்லுலார் சிறை 1896க்கும் 1906க்கும் இடையில் கட்டப்பட்டது. ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணக் கூடாது என்பதற்காகவே தனித்தனிக் கொட்டடிகளாக அது அமைக்கப்பட்டது. தனிமையே மனிதனைத் திருத்தும் என்பது அந்தக் கட்டடத்தின் தத்துவம்.

1932 முதல் வங்கத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் புரட்சியாளர்கள் மீண்டும் இங்கு அனுப்பப்பட்டனர். 1933ஆம் ஆண்டு உண்ணாநிலைப் போராட்டத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர், வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதன் விளைவாக உயிரிழந்தனர். அவர்களுடைய உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற உரிமைகளில் விளக்கும் புத்தகமும் அடங்கும். அதன்பின் அந்தச் சிறை ஒரு படிப்பு வட்டமாக மாறியது. ஹரே கிருஷ்ண கோனார், கணேஷ் கோஷ், சிவ வர்மா போன்றோர் இருந்த அந்தச் சிறையில், 1935இல் கம்யூனிஸ்ட் குழு உருவானது. தனிநபர் வீரச்செயல்களில் நம்பிக்கை வைத்து வந்த இளைஞர்கள், தொழிலாளர், விவசாயிகளைத் திரட்டும் அரசியலுக்கு வந்தார்கள். வாழ்வையே பணயம் வைத்து ஏற்றுக்கொண்ட ஒரு நம்பிக்கையை மாற்றிக்கொள்வது எளிதன்று. சிறை நிர்வாகத்தின் சாட்டையும் எண்ணெய்ச் செக்கும் செய்ய முடியாத மாற்றத்தை, சக கைதிகளோடு நடந்த விவாதம் செய்தது.

எதனால் அது இயன்றது? அங்கே எல்லாரும் ஒரே உணவை உண்டார்கள். ஒரே உடையை அணிந்தார்கள். ஒரே கொட்டடிகளில் படுத்தார்கள். பாடம் சொன்னவர் கேட்டவரைத் தண்டிக்க முடியாது; வெளியே தள்ள முடியாது. பாடம் சொன்னவரையும் கேள்வி கேட்கலாம். எல்லாருக்கும் முன்னால் ஒரு பொதுவான வேலை இருந்தது. நிலையில் சமத்துவம், இருதிசை விமர்சனம், பொதுவான நோக்கம் என்ற இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு மனிதர் மற்றொருவரைத் திருத்த முடியும். திருத்தப்படுவது அவமானமாகத் தோன்றாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் திருத்தம் தண்டனையாகிவிடும். வீட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

ஆசிரியரும் மாணவியும் தோழர்களானபோது

இந்த அளவுகோலுக்கு இந்திய வரலாற்றில் சிறந்த எடுத்துக்காட்டு புனே நகரத்து இணையரான சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும். 1840இல் திருமணம் நடந்தபோது சாவித்திரிபாய்க்கு வயது ஒன்பது, ஜோதிராவுக்குப் பதின்மூன்று. எழுத்தறியாத மனைவிக்குக் கணவர் எழுத்துக் கற்பித்தார். இந்த அளவில் இது ஆண் பெண்ணை 'உயர்த்திய' கதை போலத் தோன்றும். ஆனால் கற்பித்தது, விருந்தினர் முன் பெருமையாகக் காட்டிக்கொள்ளப் படித்த மனைவி வேண்டும் என்பதற்காக அன்று. 1848இல் பெண்களுக்கான பள்ளி திறக்கப்பட்டபோது சாவித்திரிபாய் ஆசிரியரானார். பள்ளிக்குப் போகும் வழியில் சாணியும் சேறும் அவர்மேல் வீசப்பட்டன. மாற்றிக்கொள்ள ஒரு சேலையைக் கையோடு எடுத்துச் சென்றார். ஜோதிராவின் தந்தை அவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியபோது இருவரும் சேர்ந்தே வெளியேறினர்.

1856இல் உடல்நலமின்றிப் பிறந்தகம் சென்றிருந்த சாவித்திரிபாய், கணவரையும் அவர் செய்யும் பணியையும் குறைகூறிய தம் சகோதரரோடு வாதிட்டு, அதைக் கடிதமாகக் கணவருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் தெரிவது சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் மாணவியின் குரலன்று. 1868இல் எழுதிய மற்றொரு கடிதத்தில், சாதி கடந்து காதலித்த ஓர் இணையரைக் கொல்லத் துணிந்த கும்பலைத் தாம் தடுத்ததைத் தெரிவித்தார். அப்போது ஜோதிராவ் அருகில் இல்லை. 1890இல் கணவர் மறைந்தபின் சத்யசோதக் சமாஜத்தின் பணியை முன்னெடுத்தார். 1897இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்நோய்க்கே பலியானார். கற்பித்தவரின் தேவை இல்லாமலே கற்றவர் நடக்கும் நாள் வந்ததா என்பதே கற்பித்தலின் நேர்மைக்குச் சான்று. வாழ்நாள் முழுதும் மாணவியாகவே இருக்க வேண்டும் என்று விரும்புபவர் ஆசிரியரல்லர், உடைமையாளர்.

திருத்தம் எப்போதும் கற்றவரிடமிருந்து கல்லாதவருக்குப் போகும் என்பதும் இல்லை. 1842இன் இறுதியில் மான்செஸ்டர் வந்த எங்கெல்ஸ், ஆலைப் பங்குதாரரின் மகன். அவர் காதலித்த மேரி பர்ன்ஸ், ஐரிஷ் தொழிலாளர் குடும்பத்துப் பெண். அந்நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் எங்கெல்ஸை அழைத்துச் சென்றவர் மேரியே என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். 1845இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அறிவும் இருக்கிறது. இங்கே திருத்தியவர் தொழிலாளர் குடியிலிருந்து வந்தவர். திருந்தியவர் முதலாளியின் மகன்.

பேச்சில் சமத்துவம், சமையலறையில்?

மகாகவி பாரதி நிவேதிதா தேவியைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்ற கேள்வியை எதிர்கொண்டார். சமூகத்தின் பாதியை அடிமையாக வைத்துக்கொண்டு மற்றப் பாதி எப்படி விடுதலை பெறும் என்ற பொருளில் நிவேதிதா கேட்டது பாரதியை மாற்றியது. தம் நூல்களை அவருக்குக் காணிக்கையாக்கினார். பெண் விடுதலைக்காக அவரைப் போலப் பாடிய தமிழ்க் கவிஞர் அன்று எவருமில்லை. எனினும், அடுப்பில் ஏற்ற வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சி எல்லாரும் அறிந்தது. கவிஞரின் ஈர உள்ளத்திற்குச் சான்றாக அது நூறு மேடைகளில் சொல்லப்படுகிறது. அன்று மாலை குழந்தைகளுக்கு என்ன சமைப்பது என்று செல்லம்மாள் திகைத்து நின்றதை எத்தனை மேடைகள் சொல்கின்றன? இது பாரதியைக் குறைத்துச் சொல்வதன்று. கருத்து மாறிய பின்னும் அடுப்படியின் பொறுப்பு இடம் மாறுவதற்கு நெடுங்காலமாகிறது என்பதற்கு அவர் வீடும் விலக்கல்ல என்பதே செய்தி.

1920இல் கிளாரா ஜெட்கினோடு நடத்திய உரையாடலில் லெனின் இதையே தொட்டார். மனைவியின் வேலையில் கை கொடுத்தால் எவ்வளவு சுமை குறையும் என்று நினைத்துப் பார்க்கும் கணவர்கள் தொழிலாளர்களிடையேகூட மிகச் சிலரே என்று வருந்தினார். பெண்களிடையே செய்யும் அரசியல் பணி, ஆண்களுக்குக் கற்பிக்கும் பணியையும் உள்ளடக்க வேண்டும் என்றார். மனைவிக்கு அரசியல் ஆர்வமில்லை என்று குறை கூறும் தோழருக்கு லெனின் தரும் விடை இதுதான்: முதலில் திருத்த வேண்டியது குறை கூறுபவரையே.

நூறாண்டு கழிந்தும் நிலைமை என்ன? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். பெண்களில் 81 சதவீதத்தினர் இவ்வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 26 சதவீதத்தினர் மட்டுமே. நாளில் ஐந்து மணி நேரத்தை வீட்டுவேலைக்குக் கொடுத்துவிட்டு, அதன்மேல் கூலி வேலைக்கும் போய்வந்த பெண்ணிடம், இரவு பத்து மணிக்கு ஒரு பிரசுரத்தைக் கொடுத்துப் 'படி' என்று சொல்வது அரசியல் கல்வியாகாது. அவருக்கு இல்லாதது ஆர்வமன்று, நேரம். அந்த நேரம் எங்கே போயிற்று என்பது பிரசுரத்தை நீட்டுபவரின் தட்டிலேயே இருக்கிறது.

கிளைகளும் குடும்பங்களும் செய்யக் கூடியவை

காதல் என்பது ஏற்றுக்கொள்வதுதானே, அங்கே விமர்சனத்துக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஏற்றுக்கொள்ள வேண்டியவை பல உண்டு: நிறம், உடல்வாகு, மெதுவாகப் பேசும் இயல்பு, தனிமையை விரும்பும் குணம், பாட்டில் நாட்டம், மீன்குழம்பில் புளி கூடக் குறைய இருப்பது. இவற்றைத் 'திருத்த' முற்படுவது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்திலிருந்து பிறப்பது. ஆனால் சாதிப் பெருமை, வரதட்சணை ஆசை, குடி, பொய், மகனுக்கு ஒரு நீதி மகளுக்கு ஒரு நீதி ஆகியவை குணங்கள் அல்ல. பிறரைப் பாதிக்கும் செயல்கள். அவற்றைக் கண்டும் பேசாதிருப்பது காதலும் அன்று, தோழமையும் அன்று.

பேசும் முறையிலும் தோழர் வழி உண்டு. கிளையில் பயிலும் விமர்சனம், சுயவிமர்சனத்தின் நல்ல கூறுகள் அங்கே துணைபுரியும். சுயவிமர்சனம் முதலில் வரட்டும். செயலை விமர்சிக்கலாம், பிறப்பையும் பிறந்த வீட்டையும் இழுக்கக் கூடாது. பிள்ளைகள் முன்னும் உறவினர் முன்னும் வேண்டாம். கோபத்தில் வேண்டாம். ஒருவர் ஒன்று சொன்னால், மறுமொழியாக வரும் ஒன்றையும் கேட்க வேண்டும். மாற அவகாசம் தர வேண்டும். அதே வேளை, வீடு கிளைக் கூட்டம் அன்று என்பதும் நினைவிருக்கட்டும். ஒவ்வொரு வேளைச் சோற்றையும் ஆய்வறிக்கையாக்கினால் யாரும் உண்ண முடியாது.

எல்லாவற்றுக்கும் முன், நிலைமையை மாற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் சமையலும் பிள்ளைகளும் கணவரின் முழுப் பொறுப்பு என்றாகட்டும். 'உதவி' என்ற பெயரில் அல்ல, பொறுப்பு என்ற பெயரில். இருவரும் உறுப்பினர்களாயின், ஒரு கூட்டத்துக்கு ஒருவர், அடுத்ததற்கு மற்றவர் என்று முறை வைக்கலாம். வருமானமும் கடனும் இருவருக்கும் தெரிய வேண்டும். ஊரிலுள்ள குடும்பத்திற்குப் பணம் அனுப்புபவர், தம் செலவுக் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும். பெண்கள் வரக் கூடிய நேரத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்கள் முறைவைத்து அமர்ந்து, கிளைக் கூட்டம் நடைபெறட்டும். இவ்வளவும் நடந்தபின், 'ஆர்வமில்லை' என்று சொல்லப்பட்டவர் என்ன பேசுகிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்வது கட்சிக்கே திருத்தமாக அமையக் கூடும்.

திருத்தம் முடியும் எல்லை

ஓர் எல்லையையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இந்த அளவு 38 சதவீதம். அடிக்கிற கை திருந்தும்வரை காத்திருக்க வேண்டியது எந்தப் பெண்ணின் கடமையும் அன்று. 'நீ கொஞ்சம் அனுசரித்துப் போனால் அவர் மாறிவிடுவார்' என்று சொல்பவர், அடிபட்டவரையே கால்கட்டாக மீண்டும் அனுப்புகிறார்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இத்தீவுகளுக்கும் அது பொருந்தும். உடலில் விழும் அடி மட்டுமல்ல. வசைமொழி, மிரட்டல், செலவுக்குப் பணம் தராமை ஆகியவையும் அதில் வன்முறை. மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. கணவரின் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையும் உண்டு. பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். அடிப்பவர் உறுப்பினராக இருந்தால், அதைக் 'குடும்ப விவகாரம்' என்று மூடி, இரு தரப்பையும் சமரசம் செய்துவைப்பது கிளையின் வேலையன்று. பாதிக்கப்பட்டவர் விரும்பும் சட்ட வழிக்குத் துணை நிற்பதும், உறுப்பினர்மீது அமைப்பு முறைப்படி நடவடிக்கை எடுப்பதுமே அதன் வேலை. திருந்துவதற்கான வாய்ப்பு அவருக்கு இருக்கலாம். அதற்கான விலையை மனைவி செலுத்தக் கூடாது.

ஆகவே, இணையர் ஒருவரையொருவர் திருத்த முயல வேண்டுமா என்ற கேள்விக்கு விடை, ஆம் என்பதே. ஆனால் தோழர்களாக நின்று. ஒருவருக்கு மற்றவரை வெளியேற்றும் அதிகாரம் இருக்கும்வரை, ஒருவரின் நேரம் மற்றவரின் அடுப்படியில் கரையும்வரை, அங்கே நடப்பது திருத்தம் அன்று, காவல். அந்த அதிகாரத்தையும் அந்த வேலைப் பங்கீட்டையும் மாற்றுவதே முதல் திருத்தம். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், 'உறுப்பினர்களின் வீடுகளில் வேலைப் பங்கீடு' என்பது ஒரு பொருளாக இடம்பெறட்டும். அறிக்கையை இம்முறை வீட்டிலிருப்பவர்கள் வைக்கட்டும், உறுப்பினர்கள் கேட்கட்டும்.